204 துளைகள்: எங்கள் திருவாரூர் வீட்டுக்குக் கறையான் மருந்து போட்ட அனுபவம்

2022 டிசம்பர். மழை ஓய்ந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு வேலையாக வீட்டுப் பத்திரம் தேவைப்பட்டது. கூடத்துச் சுவர் அலமாரியைத் திறந்து காகிதக் கட்டை எடுத்தேன். மேல் அட்டை எப்போதும்போல் இருந்தது. தூக்கினால் கனமே இல்லை. உள்ளே தாள் இருந்த இடத்தில் ஈர மண்ணும், வெள்ளை வெள்ளையாக ஊர்கிற பூச்சிகளும்தான் இருந்தன.

1978ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம் போய்விட்டது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு நகல் வாங்கிக்கொண்டேன். கல்யாண ஆல்பத்தில் பாதி போயிருந்தது, அந்தப் படங்கள் சில தங்கையிடம் இருந்தன. அப்பாவின் கணக்கு நோட்டுக்குத்தான் நகல் கிடையாது. எந்த வருடம் ஆற்றில் தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை கலம் கண்டது, யாருக்கு எத்தனை மரக்கால் அளந்தது என்று முப்பது வருடம் அவர் கையால் எழுதி வைத்தது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்தது என்று சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறேன். மிஞ்சியதை மட்டும் எடுத்தார்கள் என்ற இடத்தில் பாட்டிக்குக் குரல் கம்மும். அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். பாட்டிலைக் கையில் எடுத்தால் பெயர், அளவு, காலாவதி தேதி பார்க்காமல் கீழே வைக்கமாட்டேன். இந்த விமர்சனத்தையும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. அதே கம்பெனியில் வேறு ஆட்கள் வந்தால் வேலை வேறு மாதிரி ஆகலாம். நான் சொல்ல நினைப்பது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை.

முதலில் வந்தவர் இந்தக் கம்பெனி ஆள் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்தார், 3,500 ரூபாய் வாங்கினார். லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில் மருந்து கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் வாடை. அலமாரியிலும் சுவரிலும் கண்ணுக்குத் தெரிந்த மண் கோடுகள் மேல் அடித்தார், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். போகும்போது கொல்லைப் புற்றைப் பார்த்து, “இதுதான் எல்லாத்துக்கும் மூலம், பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திடலாம்மா” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மருந்தின் பெயரையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். அலமாரி போன துக்கத்தில் கேட்காமல் விட்டேன். அது என் தவறு.

2023 ஏப்ரலில் சமையலறைப் பரணில் மண் கோடு ஏறியது. மேலாக அடித்த மருந்தில் செத்தது வெளியே வந்த கொஞ்சம் பூச்சிதான். கூட்டம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு வழியை அடைத்தால் வேறு வழியாக வந்துவிடும்.

அப்புறம்தான் தஞ்சாவூரிலிருந்து இந்தக் கம்பெனியைக் கூப்பிட்டோம். முதல் நாள் வந்தது ஒரே ஒரு பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் மருந்தே இல்லை. ஒரு டார்ச், ஒரு திருப்புளி, சுவர் ஈரம் காட்டுகிற சின்னக் கருவி. இவ்வளவுதான். இரண்டு மணி நேரம் வீட்டைச் சுற்றினார். எங்கள் வீடு பழைய வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர், முற்றம், தேக்குத் தூண்கள், சிவப்புக் காவித் தரை. ஒவ்வொரு நிலைக்கும் உத்தரத்துக்கும் திருப்புளிப் பிடியால் தட்டிப் பார்த்தார். தேக்குத் தூண்கள் எல்லாம் ‘ணங்’ என்றன. தேக்கின் வைரத்தைக் கறையான் சுலபத்தில் தொடாது. எழுபதுகளில் போட்ட மாம்பலகை அலமாரியும், 2009இல் போட்ட பிளைவுட் பரணும் ‘பொத்’ என்றன. பூச்சு மேலே தாள் மாதிரி நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. கறையான் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வராது. மேல் தோலை விட்டுவிட்டு உள்ளேயே தின்னும். அதனால்தான் கை வைத்து அழுத்தும் வரை நமக்குத் தெரிவதில்லை.

மண் கோடு இருந்தால் அது மண்ணிலிருந்து வருகிற கறையான். மண்ணே இல்லாமல் மரத்தடியில் கடுகைவிடச் சின்ன மணிமணியாகக் கொட்டிக் கிடந்தால் அது உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் வேறு வகை, அதற்குத் தரையில் மருந்து போட்டுப் பயனில்லை. மாவு மாதிரி கொட்டினால் அது கறையானே இல்லை, வண்டு. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாத ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

பரணில் ஒரு கோட்டை உடைத்து, பெரிய தலையுள்ள ஒரு பூச்சியைக் குச்சியால் தொட்டார். “அம்மா, நல்லா பாருங்க” என்றார். தலையிலிருந்து பால் மாதிரி ஒரு துளி வந்தது. அது சிப்பாய்க் கறையான். இந்தப் பால் விடுகிறது காப்டோடெர்மிஸ் என்ற வகை என்றார். ஈரம் இருக்கிற இடத்தைத் தேடி வரும், சுவர் இடுக்கிலும் மரப் பொந்திலும் கூடு வைக்கும். நம் பக்கத்தில் கொல்லையில் மண் புற்று கட்டுவது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மிஸ் என்கிற வேறு குடும்பம். கொல்லைக்குப் போய்ப் புற்றின் ஓரத்தைத் துளி கிளறி அங்கிருந்த சிப்பாயையும் காட்டினார். அரிவாள் மாதிரித் தாடை, பால் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று என் கண்ணாலேயே பார்த்தேன். வீட்டுக்கும் புற்றுக்கும் நடுவே இரண்டு இடத்தில் முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தார், வழி எதுவும் இல்லை. “புத்தை விட்டுடலாம்மா. அது வேற ஆளு” என்றார்.

இதற்காகவே அந்தத் தம்பிக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். எங்கள் ஊர் புற்றிடங்கொண்டார் ஊர். கோயிலில் மூலவரே புற்றில் எழுந்தருளியவர். அம்மா ஆடி வெள்ளிக்குக் கொல்லைப் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் வைப்பார், நானும் வைக்கிறேன். ஆனால் பக்தியால் மட்டும் சொல்லவில்லை. அந்தப் புற்று இருக்கிற மூலையில் நான் இலை கூட்டுவதே இல்லை. வேம்பும் மாவும் உதிர்ப்பதெல்லாம் சில மாதத்தில் மண்ணாகிவிடும். உள்ளே அவை காளான் வளர்க்கின்றன. தின்ற இலையையும் மரத்தூளையும் வைத்துச் சிறு தேன்கூடு மாதிரித் தோட்டம் கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்த்து, அது மரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுத்த பிறகு சாப்பிடுகின்றன. மழைக்குப் பிறகு புற்றைச் சுற்றி முளைக்கிறதே புற்றுக்காளான், அது இந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான். அவை தோண்டிய வழிகளில் மழைத் தண்ணீர் இறங்கும். எங்கள் களிமண் கொல்லையில் மழைக்கு மறுநாளும் தண்ணீர் நிற்கும், புற்றுப் பக்கம் மட்டும் நிற்காது. ஈசல் கிளம்பும் நாளில் மைனா, காக்கை, ஓணான், தேரை என்று எத்தனை உயிர்களுக்கு விருந்து! அம்மா ஈசலைப் பிடித்துச் சிறகு புடைத்து, அரிசியோடு வறுத்துக் கொடுப்பார். அந்த வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. இதையெல்லாம் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தச் சொன்னாரே என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. வெள்ளை எறும்பு என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் இது எறும்பு இனமே இல்லை, கரப்பானுக்குச் சொந்தம். உலகத்தில் ஏறத்தாழ 3,000 வகைக் கறையான்கள் உண்டு, வீட்டைக் கெடுப்பவை அதில் கொஞ்சம்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஈரக் கருவியை அலமாரிக்குப் பின்சுவரில் வைத்தபோது முள் ஏறியது. மறுபக்கம் 2009இல் கட்டிய குளியலறை. சுவருக்குள் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து, சுவர் பத்து நாள் காய்ந்த பிறகுதான் மருந்து போடுவோம், இல்லாவிட்டால் வாரண்டி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. பிளம்பருக்கு 2,800 ரூபாய் தனியாக ஆனது. ஆனால் அந்த ஈரம்தான் அவற்றைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தது. கொல்லைக் கதவை ஒட்டி அடுக்கியிருந்த விறகையும், சுவரில் படர்ந்த கொடியையும் எடுக்கச் சொன்னார்.

2023 ஜூனில் மூன்று பேர் வந்தார்கள். காலை ஒன்பது மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கு வந்தார்கள். முறை இதுதான்: சுவரும் தரையும் சேரும் ஓரத்தில், ஒரு அடிக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர் அகலத்தில், தரையைத் தாண்டி மண் வரை போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒரு லிட்டர் கலந்த மருந்தைப் பம்ப் மூலம் இறக்க வேண்டும். பிறகு அடைக்க வேண்டும். கட்டி முடித்த வீடுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 6313 மூன்றாம் பகுதி சொல்வதும் இதுதான். மருந்து 30.5 சதவீத இமிடாகுளோபிரிட், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. சீல் உடைக்காத 250 மில்லி பாட்டில் இரண்டை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். தேதி, தொகுதி எண், நச்சு முக்கோணம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அந்த முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறையும். லேபிளில் இது இல்லாத பாட்டிலை வீட்டுக்குள் விடவே விடாதீர்கள்.

துளைகளை நான் எண்ணினேன். 204. அப்படியானால் 204 லிட்டர், அதற்கு 428 மில்லி மருந்து. மீதி 70 மில்லி சொச்சத்தை 34 லிட்டராகக் கலந்து, முன்பக்கச் சுவர் ஓரம் முப்பது அடிக்கு ஒன்றரை அடி ஆழம் தோண்டி ஊற்றி மூடினார்கள். கணக்கு மில்லி சுத்தமாகச் சரியாக இருந்தது. பல இடங்களில் ஏமாற்று நடப்பது இந்தக் கணக்கில்தான். துளை போடுவார்கள், உள்ளே போவது பாதி தண்ணீராக இருக்கும். வாடை வராத மருந்து என்பதால் நமக்குத் தெரியாது. பாட்டிலையும் துளையையும் எண்ணுங்கள், போதும்.

இந்த மருந்து ஏன் பிடிக்கும் என்றால், கறையானுக்கு இது இருப்பதே தெரியாது. விரட்டுகிற மருந்தாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடும். இது மண்ணில் இருக்கும்போது அது பாட்டுக்கு நடந்து போகும், உடம்பில் ஒட்டிக்கொண்டு மற்றவற்றுக்கும் பரப்பும். சாவது மெதுவாகத்தான். பதினைந்து நாள் கழித்தும் பரணில் நாலைந்து ஊர்ந்தன, நான் பயந்து போன் செய்தேன். இருபத்தைந்தாம் நாளுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

இதே மருந்து தேனீக்கு மிகவும் கெடுதி. வயல்வெளியில் இதைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. அதனால் மண்ணுக்குள் போய் மூடப்படுவது வேறு, செடி மேல் தெளிப்பது வேறு என்று அந்தப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எங்கள் திண்ணைச் சுவரில் ஒரு பொந்தில் கொசுத்தேனீ இருக்கிறது, சின்ன மெழுகுக் குழாய் வைத்திருக்கும். அந்தச் சுவரில் மூன்று அடிக்குக் கை வைக்கவில்லை. முருங்கையடியிலும் ஊற்றவில்லை. முன்காலத்தில் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாக்ளோர் என்று ஊற்றினார்கள். அவை மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் பல வருடம் தங்கும் என்று தெரிந்த பிறகு 2001இல் உலக நாடுகள் கூடிப் போட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்த்து ஒதுக்கினார்கள். எங்கோ பழைய சரக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள்.

கிணறு விஷயம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. சமையலறைக்குப் பின்னால் கிணறு, இன்றும் அதில்தான் குடிக்கிறோம். குடிநீர்க் கிணற்றில் மருந்து கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பக்கம் வெளிச்சுவரில் மருந்து வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன் அவர்களே சொன்னார்கள். நல்லது. ஆனால் அதற்கு மாற்று என்ன என்று கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. மண்ணில் இரைப்பெட்டி புதைத்து, தோல் உரிக்க விடாமல் தடுக்கிற மருந்தைக் கறையானுக்கே தின்னக் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. கிணற்றுக்கும் குளத்துக்கும் பக்கத்தில் இருக்கிற வீடுகளுக்கு அதுதான் பொருத்தம். காவிரிப் படுகையில் வேலை செய்கிற கம்பெனி அதை வைத்திருக்காதது பெரிய குறை. அந்தச் சுவரை நான்தான் மாதம் ஒருமுறை டார்ச் வைத்துப் பார்க்கிறேன்.

வேறு குறைகளும் உண்டு. பூஜை அறையில் ஒரு டைல் விரிந்தது, மாற்றித் தரவில்லை. துளைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தார்கள். எண்ணெய் தேய்த்து மெழுகின மாதிரி மின்னுகிற சிவப்புத் தரையில் வரிசையாக வெள்ளைப் புள்ளி! என் வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். மறுநாள் காவிப்பொடி கலந்து மேலே பூசச் சொன்னோம், செய்தார்கள். முழுக்க ஒட்டவில்லை, ஆனாலும் பார்க்கும்படி இருக்கிறது. காவித் தரை வீட்டுக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் முறைக்கு மூன்று தடவை போன் செய்த பிறகுதான் வந்தார்கள்.

செலவு: தரைத்தளம் 1,150 சதுர அடி, அடிக்குப் பத்து ரூபாய் வீதம் 11,500. வரி 2,070. மொத்தம் 13,570. மூன்று வருட வாரண்டி. வாரண்டி என்றால் கறையான் வந்தால் திரும்ப வந்து மருந்து போடுவார்கள், போன மரத்துக்குப் பணம் தரமாட்டார்கள். ஒழுகலைச் சரிசெய்யாமல் விட்டால் செல்லாது. இதைக் கையெழுத்துப் போடும் முன் முதல் நாள் வந்த பையனே வாசித்துக் காட்டினார், அதனால் குறை சொல்லமாட்டேன். மன்னார்குடியில் என் தம்பி இப்போது வீடு கட்டுகிறான். அஸ்திவாரம் தோண்டும்போதே மருந்து போடச் சொல்லியிருக்கிறேன். தரை போட்ட பிறகு துளைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் காய்கிற வரைக்கும் வெளியே அனுப்பிவிடுங்கள். எங்கள் பேரனுக்கு அப்போது இரண்டு வயது, தரையில் கிடந்ததை வாயில் வைக்கிற வயது. அவர்கள் ஆறு மணி நேரம் போதும் என்றார்கள், நான் இரண்டு நாள் தங்கை வீட்டில் விட்டேன். தண்ணீர்ப் பானை, பாத்திரம் எல்லாம் முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் மூடி வைத்தோம்.

இரண்டு அடைமழைக் காலம் தாண்டிவிட்டது. 2024 அக்டோபரில் முதல் பெருமழைக்கு மறுநாள் சாயங்காலம் கொல்லைப் புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்பியது. வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். காலையில் கூடத்து மூலைகளில் சிறகு கிடக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினேன், சுவருக்குள் கூடு இருந்தால் ஈசல் உள்ளேயே கிளம்பிச் சிறகு உதிர்த்திருக்கும். ஒன்றும் இல்லை. பரணுக்கு இப்போது பிளைவுட் கிடையாது, கடப்பைக் கல் பதித்துவிட்டோம்.

கடைசிப் பரிசோதனை 2026 ஜூனில். வந்தார்களா இல்லையா என்று இதிலேயே சேர்த்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு. பத்திரமெல்லாம் இரும்பு பீரோவில் இருக்கிறது. அந்தத் தம்பி சொன்னபடி பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்திருக்கிறோம். அப்பாவின் நோட்டில் மிஞ்சியது பதினோரு தாள். அதையும் உறையில் போட்டு அங்கேயே வைத்திருக்கிறேன்.